பீத்தோவன் சொனாட்டா: ஷ்னாபெல் பதிப்பா, ஹென்லே பதிப்பா?

பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட படைப்புகள்) முதன்முதலில் முழுமையாக ஒலிப்பதிவு செய்தவர் (1932–35) பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல். நல்ல ஆசிரியரும்கூட, அவர் குறிப்புகளோடு வந்த இசைத்தாள் பதிப்பே ஒரு வகுப்புதான். ஹென்லே, ஜெர்மன் இசைப் பதிப்பகம்; பீத்தோவன் எழுதியதை ஒட்டியே அச்சிடுகிறது.

விரலமைப்பு
ஷ்னாபெல்: கை வசதியைவிட இசைத்தொடரே முக்கியம். சிறிய கைகள் திணறும்.
ஹென்லே (பதிப்பாசிரியர் வால்னர்): பியானோ கலைஞர் கான்ராட் ஹான்சன் தந்தது, சீக்கிரம் படியும்.

வேகம்
ஷ்னாபெல்: ஒரே பகுதிக்குள் பல மெட்ரோனோம் எண்கள் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகக் குறி). அப்படியே பின்பற்றினால் இசை துண்டு துண்டாகும். திசைகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.
ஹென்லே: பீத்தோவன் எண் கொடுத்த ஓபஸ் (படைப்பு எண்) 106-இல் மட்டும்.

பெடல்
ஹென்லேயில் பீத்தோவன் எழுதியது மட்டுமே. ஓபஸ் 27 எண் 2-இன் (‘மூன்லைட்’) முதல் பகுதியில் டாம்பர்களை (தந்தியின் ஒலியை அடக்கும் பட்டைகள்) தூக்கியே வைக்கச் சொல்கிறார். இன்றைய பியானோவில் நாதம் நீள்வதால் சுரங்கள் குழம்பும். ஹார்மனி (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறும்போதெல்லாம் பெடலை மாற்றுங்கள்.

தேர்வு, போட்டிக்கு ஹென்லே. ஆசிரியரின்றித் தனியாகப் படிக்கும் தேர்ந்த மாணவருக்கு ஷ்னாபெல்.