நெபுலைசரா, பம்பா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு எம்பிசீமா. நுரையீரலின் காற்றுப்பைச் சுவர்கள் சிதைந்து, இழுத்த மூச்சு முழுதாக வெளியே வராத நோய். சிதைந்தது திரும்ப வளராது. மருந்து மூச்சுக்குழாயைத் தளர்த்தும், அவ்வளவுதான். அதை உள்ளிழுக்க இரண்டு வழி: திரவ மருந்தை மென்சாரலாக்கித் தரும் கரண்டு மெஷின் நெபுலைசர், கையில் பிடித்து அழுத்தி அடிக்கும் பம்பு (இன்ஹேலர்).

அவருக்கு நெபுலைசர்மேல்தான் நம்பிக்கை. "புகை கண்ணுக்குத் தெரியுதே!" என்பார். ஒரு தடவைக்குப் 10 நிமிடமாவது ஆகும், சத்தம் வேறு, முடிந்ததும் மருந்துக் கிண்ணத்தைக் கழுவ வேண்டும். 2023-இல் லோட்ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வாட்டியபோது மெஷின் மேசையில் சும்மா கிடந்தது.

பம்புக்குக் கரண்டு வேண்டாம். ஆனால் நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும், ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழல்) அவசியம். குலுக்கி, ஒரே ஒரு அடி, மெதுவாக இழுத்து, முடிந்தால் 10 எண்ணும்வரை அடக்க வேண்டும். அடுத்த அடிக்குமுன் மறுபடி குலுக்கல். (500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலே ஸ்பேசராக உதவும் என்று ஆஸ்துமா குழந்தைகளிடம் சோதித்து 1999-இல் காட்டியவர்கள் கேப்டவுன் மருத்துவர்கள்.) ஸ்பேசரைச் சோப்புநீரில் கழுவித் தானாக உலரவிடணும், துணியால் துடைத்தால் மருந்து சுவரில் ஒட்டும்.

என் ஓட்டு பம்புக்கே. கை நடுங்கி, மூச்சை அடக்கவே முடியாத நாளில் மட்டும் நெபுலைசர். பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பேசரை மட்டும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.