அரை இஞ்ச் மரை: இரண்டு மரை கேஜ்களோடு பதினோரு ஆண்டு அனுபவம்

கோவையில் ஒரு சிறிய எந்திரப் பட்டறையின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். மரையின் இரு சரிவுகளுக்கு இடையிலான கோணம் 55 பாகையாக இருப்பதற்கு ஒன்று, 60 பாகையாக இருப்பதற்கு ஒன்று என, பல் வெட்டிய மெல்லிய இலைகளை மரையில் வைத்துப் பார்க்கும் இரண்டு மரை கேஜ்களைப் பதினோரு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். குழாய் மரைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதியை இவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் கற்றேன்.

இவற்றை வாங்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் ஜப்பானிய லேத் ஒன்றும், ஜெர்மானிய எந்திரம் ஒன்றும், நம் ஊர் ஜிஐ குழாயில் அமைத்த ஒரே காற்று லைனில் ஓடுகின்றன. அந்த லைனில் அமெரிக்காவில் தயாரான ஏர் டிரையர் (காற்றின் ஈரத்தை நீக்கும் கருவி) ஒன்றைப் புதிதாகச் சேர்த்தோம். விற்றவரிடம் கேட்டபோது, "அரை இஞ்ச்தான் சார், நம்ம ஃபிட்டிங் எல்லாம் சேரும்" என்றார். நிப்பிளில் (இருமுனையிலும் மரை கொண்ட குட்டைக் குழாய்) டெஃப்ளான் டேப் சுற்றிக் கையால் திருகினேன். வழக்கம்போல நான்கு சுற்றுக்கு மேல் உள்ளே போனது. ரெஞ்சு போட்டதும் நன்றாகவே இறுகியது. சோப்பு நீர் தடவிப் பார்த்தால் மட்டும் மரையின் விளிம்பில் சிறுசிறு குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தன. கழற்றி, டேப்பைக் கூட்டி, மீண்டும் இறுக்கினேன். சில நாள் நின்ற கசிவு கம்ப்ரசரின் அதிர்வில் திரும்ப வந்தது. மூன்றாவது முறை இறுக்கியபோது டிரையரோடு வந்த ஃபில்டரின் அலுமினிய உடல் வாய்ப்பகுதியில் விரிசல் விட்டது.

அந்த டிரையரின் வாயில் இருந்தது அமெரிக்க என்பிடி மரை. என் நிப்பிளில் இருந்தது நாம் பயன்படுத்தும் பிஎஸ்பி மரை. பிஎஸ்பி, ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்த 55 பாகைக் கோணத்தைப் பின்பற்றுவது. அதன் முகடும் பள்ளமும் வளைவாக இருக்கும். என்பிடியின் கோணம் 60 பாகை. முகடும் பள்ளமும் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். இந்தியத் தரமான ஐஎஸ் 554, பிஎஸ்பியின் கூம்பு மரையைத்தான் வரையறுக்கிறது. நம் ஊர் ஜிஐ குழாய்களில் டை செட் என்ற மரை வெட்டும் கருவியைக் கொண்டு வெட்டப்படுவதும் அதுவே. குழாயைப் பார்த்து மரையைச் சொல்ல முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அரை இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் இரு நாட்டிலும் ஏறத்தாழ 21.3 மி.மீ. என்பதால், அதே குழாயில் எந்த டையைப் போடுகிறோமோ அந்த மரை விழும். அந்த 21.3 மி.மீட்டரிலும் அரை இஞ்ச் எங்கும் இல்லை. பழைய காலத்துத் தடித்த இரும்புக் குழாயின் உள்துவாரத்தைக் குறித்த பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டும் சேருமா என்ற கேள்விக்கு அளவுக்கு அளவு விடை மாறுகிறது. கால் இஞ்சில் பிஎஸ்பிக்கு இஞ்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18. எட்டில் ஒன்று இஞ்சில் 28க்கு 27. ஒரு இஞ்சு முதல் இரண்டு இஞ்சு வரை 11க்கு 11½. இவை எல்லாம் சில சுற்றுகளிலேயே பிடித்துக்கொண்டு நம்மை எச்சரித்துவிடும், அந்த எச்சரிக்கையை மதித்து ரெஞ்சைக் கீழே வைத்தால் போதும். உண்மையில் ஆபத்தானவை அரை இஞ்சும் முக்கால் இஞ்சும்தான். இந்த இரு அளவுகளில் மட்டும் இரண்டு தரத்திலும் இஞ்சுக்கு 14 மரை. அரை இஞ்சில் கையிறுக்கம் நிற்கும் இடத்தில் பிட்ச் விட்டம் (முகட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே எடுக்கும் விட்டம்) பிஎஸ்பியில் 19.79 மி.மீ., என்பிடியில் 19.77 மி.மீ.; அதாவது கைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் கோணம் வேறு என்பதால் மரையின் இரு சரிவுகளும் முழுமையாக ஒட்டாமல் ஒரு கோட்டில் மட்டுமே தொடுகின்றன. முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுருளாக ஓடும் இடைவெளி உள்ளிருந்து வெளிவரை காற்றுக்கு வழியாகிறது. டேப் அந்த வழியைச் சில நாள் அடைத்து வைக்கும், அவ்வளவுதான்.

கேஜ் இங்கே எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மற்ற அளவுகளில் சரியான இலையை வைத்த உடனேயே விடை தெரிந்துவிடும். அரை இஞ்சில் 14ஆம் எண் இலை (இஞ்சுக்கு 14 மரைக்கானது) இரண்டு கேஜிலும் இருக்கிறது, இரண்டும் முதல் பார்வைக்குப் பொருந்துவதுபோலவே தோன்றும். ஃபிட்டிங்கின் மரையை மண்ணெண்ணெய் தொட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இலையை மரையில் அழுத்தி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பார்ப்பேன். சரியான இலையாக இருந்தால் சரிவு நெடுகிலும் இருள்கோடு ஒன்று மட்டும் தெரியும். தவறான இலையாக இருந்தால் ஒவ்வொரு பல்லின் அடியிலோ நுனியிலோ ஆப்பு வடிவில் ஒரு கீற்று வெளிச்சம் கசியும். அந்தக் கீற்றைக் காணக் கண் பழகுவதற்கு எனக்கு ஓராண்டு ஆனது. ஐயம் இருந்தால் முகட்டைப் பார்க்க வேண்டும்: வளைவாக இருந்தால் பிஎஸ்பி, தட்டையாக இருந்தால் என்பிடி. தேய்ந்த பித்தளை ஃபிட்டிங்கில் இந்தச் சோதனையும் ஏமாற்றும்.

வெர்னியரால் வெளிவிட்டம் அளந்து கண்டுபிடிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். அரை இஞ்சில் அதை நம்பவே கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கால் மில்லிமீட்டர் அளவே. கூம்பு மரையோ 16க்கு 1 என்ற விகிதத்தில் சரிவதால், அளக்கும் இடம் நான்கு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே அந்தக் கால் மில்லிமீட்டர் வந்துவிடும். மரை கூம்பா, நேரா என்று அறிவதற்கு வெர்னியர் மிக நல்ல கருவி. ஓரிடத்தில் அளந்துவிட்டு, நான்கு மரை தள்ளி மீண்டும் அளக்கும்போது விட்டம் சுமார் 0.45 மி.மீ. கூடினால் அது கூம்பு, கூடாவிட்டால் நேர்.

கூம்பு, நேர் என்ற இந்தப் பிரிவு பிஎஸ்பிக்குள்ளேயே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆர் என்று குறிக்கப்பட்ட வெளிமரை கூம்பு. அது ஆர்சி என்ற கூம்பு உள்மரையிலோ ஆர்பி என்ற நேர் உள்மரையிலோ மரையாலேயே அடைத்துக்கொள்ளும். ஜி என்பது நேர் மரை. அதில் மரை இழுத்துப் பிடிப்பதற்கு மட்டுமே, கசிவைத் தடுப்பது வாஷரோ ஓ ரிங்கோதான். எங்கள் ஜெர்மானிய எந்திரத்தின் வாய்கள் ஜி, ஜப்பானிய லேத்தினுடையவை ஆர்சி. ஜி வாயில் கூம்பு நிப்பிளைத் திருகுவது நம் ஊரில் அன்றாடப் பழக்கம். குறைந்த அழுத்தத்தில் நின்றுவிடுகிறது என்பதற்காக அதை நான் ஏற்கமாட்டேன்; இறுக்க இறுக்க ஆப்பு அடிப்பதுபோல வார்ப்பின் வாய் விரியும். ரப்பர் விளிம்பு கொண்ட பாண்டட் வாஷரும் நேர் மரை நிப்பிளும் போட்ட இணைப்புகளில் ஒன்றுகூட இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கசியவில்லை.

டேப்பைக் காற்று, நீர் லைன்களில் மட்டுமே பயன்படுத்துகிறேன். மரையின் நுனியை நம்மைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் மூன்று நான்கு சுற்று, முதல் மரையை வெறுமையாக விட்டுச் சுற்ற வேண்டும். ஹைட்ராலிக் லைனில் டேப்பின் பிசிறுகள் வால்வுக்குள் போய், அதனுள் நகரும் தண்டான ஸ்பூலைப் பிடித்துவிடும் என்பதால், அங்கே உலோகத்துக்கு இடையில் காற்றில்லாமல் இறுகும் திரவ சீலண்ட்தான்.

கேஜ் வாங்க நினைப்பவர்கள் 55 பாகைக் கேஜில் 28, 19, 14, 11 என்ற இலைகளும், 60 பாகைக் கேஜில் 27, 18, 14, 11½, 8 என்ற இலைகளும் இருக்கின்றனவா என்று கடையிலேயே எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். மெட்ரிக் கேஜும் ஒன்று அருகில் இருப்பது நல்லது. சீனாவிலிருந்து வந்த பிரஷர் கேஜ் ஒன்றை அரை இஞ்ச் என்று எண்ணிப் பொருத்தப் போனபோது அது தளர்வாக ஏறி ஆடியது. அளந்து பார்த்தால் எம்20, அதாவது 20 மி.மீ. மெட்ரிக் மரை; பிட்ச் (அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி) 1.5 மி.மீ. அழுத்தம் ஏறிய பிறகு அது பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இப்போது டிரையரின் இரு வாய்களிலும் ஒருபுறம் என்பிடி, மறுபுறம் பிஎஸ்பி கொண்ட பித்தளை அடாப்டர்கள் நிலையாக நிற்கின்றன, அவற்றின் அறுகோணத்தில் மஞ்சள் பெயிண்ட் பூசியிருக்கிறேன். என்பிடி உதிரிகள் அதே நிறம் பூசிய தனிப் பெட்டியில் இருக்கின்றன. இரண்டு கேஜ்களிலும் 14ஆம் எண் இலைகளே அதிகம் தேய்ந்துள்ளன. 55 பாகை இலையின் நுனிப்பல் மழுங்கிவிட்டதால், அந்தக் கேஜை மட்டும் இந்த மாதம் மாற்றப் போகிறேன்.