சந்தா வருமானக் கணக்குக்கு ஆப் வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

சந்தா வருமானத்தைக் கணக்குப் போட நான் வாங்கி ஏமாந்த ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதில் நான் கண்ட கோளாறுகளை நீங்கள் வாங்கப்போகும் ஆப்பிலும் தேடிப் பார்க்கலாம்.

கோவையில் நானும் மனைவியும் வேலைக்கு ஒரு பையனுமாகச் சின்ன சாஃப்ட்வேர் ஒன்றை நடத்துகிறோம். கிளினிக், சலூன் மாதிரி இடங்களில் அப்பாயிண்ட்மென்ட் பதிவு செய்வதற்கானது. உள்ளூர் வாடிக்கையாளர்கள் ரேஸர்பே என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாக மாதம் 1,000 ரூபாயும் அதற்கு மேல் ஜி.எஸ்.டி.யும் கட்டுகிறார்கள். வெளிநாட்டவர்கள் ஸ்ட்ரைப் என்ற அதே மாதிரியான சேவை வழியாக மாதம் 12 டாலர் தருகிறார்கள். சிலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 36 டாலராகக் கட்டுவார்கள். ஜப்பானில் மூன்று பேர் உண்டு, அவர்கள் யென்னில்.

இப்படிப் பல வகையாக வரும் பணத்தை மாதக் கணக்குக்குக் கொண்டுவந்தால் கிடைப்பதுதான் எம்.ஆர்.ஆர்., அதாவது மாதாந்திரத் தொடர் வருமானம். ஒருவர் வருடத்துக்கு 12,000 கட்டினால் அது மாதம் 1,000. மூன்று மாதத்துக்கு 3,000 கட்டினாலும் மாதம் 1,000தான். இவ்வளவுதான் விஷயம். இதற்கு ஏன் ஆப் என்று இப்போது நானே கேட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 2023இல், பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் அந்த டெஸ்க்டாப் ஆப்பை 149 டாலருக்கு வாங்கினேன். லைஃப்டைம் லைசென்ஸ். இணையத்தில் இயங்கும் சேவைகள் மாதாமாதம் பணம் கேட்கும். நான் பார்த்தவற்றில் பலவற்றுக்கு ரேஸர்பே என்றால் என்னவென்றே தெரியாது. இது ரேஸர்பேயையும் படிக்கும் என்றார்கள். தகவல் எல்லாம் நம் கணினியிலேயே இருக்கும் என்றார்கள். வாடிக்கையாளர் விவரத்தை இன்னொரு கம்பெனியின் சர்வரில் வைக்க வேண்டாமே என்று எனக்கு நிம்மதி. காசு போனாலும் ஒரே தடவையோடு போகும் என்பது கூடுதல் நிம்மதி.

திறந்தவுடன் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு எண், அதன் அடியில் மேல்நோக்கி ஏறும் பச்சைக் கோடு. தினமும் காலையில் காபியோடு அந்தக் கோட்டைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. பிப்ரவரி 2024இல் அது 4 லட்சத்தைத் தாண்டி 4,10,000இல் நின்றது. நாலு லட்சம் வந்தால் வீட்டு ஹாலை விட்டு வெளியே போவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பீளமேட்டில் ஒரு அறைக்கு ஒன்றரை லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். 28,000 சம்பளத்தில் இன்னொரு பையனை சேர்த்தேன்.

மார்ச் கடைசியில் கணக்கை முடிக்க உட்கார்ந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, நாலு லட்சம் நாலு லட்சம்னு சொல்றீங்களே, அது எந்த அக்கவுன்ட்டுக்கு வருது?"

நான் பெரிய விளக்கம் கொடுத்தேன். எம்.ஆர்.ஆர். வேறு, கைக்கு வரும் காசு வேறு. ஸ்ட்ரைப் கமிஷன் பிடிக்கும். பணம் வந்து சேர நாளாகும் என்றெல்லாம். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் எல்லாம் சேர்ந்தாலும் நாலு லட்சத்துக்கும் அக்கவுன்ட்டுக்கு வந்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளி அடையவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. ஸ்ட்ரைப்பிலிருந்தும் ரேஸர்பேயிலிருந்தும் பட்டியலை இறக்கி, ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கையால் போட்டேன். வந்தது 2 லட்சத்து 83 ஆயிரம் சொச்சம்.

முதல் ஓட்டை மூன்று மாதத் திட்டத்தில். ஸ்ட்ரைப்பில் காலாண்டுத் திட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. 'மாதம்' என்று ஒரு இடத்தில் இருக்கும், 'மூன்று' என்று பக்கத்தில் இன்னொரு இடத்தில் இருக்கும். ஆப் மாதத்தை மட்டும் படித்துவிட்டு மூன்றை விட்டுவிட்டது. ஆக, 36 டாலர் கட்டியவர் ஒவ்வொரு மாதமும் 36 டாலர் கட்டுகிறார் என்று கணக்கு. அப்படி 30 பேர். இதிலேயே ஏறக்குறைய 60,000 ரூபாய் காற்று.

அடுத்து ஜி.எஸ்.டி. ரேஸர்பேயில் வரும் 1,180 ரூபாயை அப்படியே வருமானம் என்று எடுத்துக்கொண்டது. 150 பேருக்கு 27,000. ஆடிட்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, அந்தப் பதினெட்டு பர்சென்ட் நம்ம பாக்கெட்டுல இருக்கிற கவர்மென்ட் காசு" என்றார். அரைவிலை கூப்பனில் சேர்ந்த 40 பேரையும் முழு விலைக்கே எண்ணியிருந்தது. அது ஒரு 20,000.

எனக்கு உண்மையிலேயே உறைத்தது இன்னொன்று. இந்தியக் கார்டுகளில் தானாகப் பணம் எடுக்கும் விதி அக்டோபர் 2021இல் மாறியது நினைவிருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். அவர் அங்கேயே வேண்டாம் என்று நிறுத்தலாம். பழைய கார்டு போய்ப் புதுக் கார்டு வந்தாலும் பணம் எடுப்பது நின்றுபோகலாம். ரேஸர்பே அப்படிப்பட்ட சந்தாவை முதலில் 'பெண்டிங்' என்றும், திரும்பத் திரும்ப முயன்றும் வராவிட்டால் 'ஹால்டட்', அதாவது நின்றுவிட்டது என்றும் காட்டும். என் பட்டியலில் அப்படி 19 பேர். ஆப் அவர்களையும் கட்டுபவர்கள் என்றே வைத்திருந்தது. 22,000 ரூபாயை விடுங்கள். அந்த 19 பேருக்கும் அந்த வாரமே ஒரு போன் போட்டிருந்தால் பாதிப் பேராவது திரும்ப வந்திருப்பார்கள். நாங்கள் பேசியபோது பலர் வேறு மென்பொருளுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு தப்பு மட்டும் வருமானத்தைக் கூட்டாமல் குறைத்துக் காட்டியது. ஸ்ட்ரைப்பில் டாலரை சென்ட்டாகத்தான் கொடுக்கும், 1,200 என்றால் 12 டாலர். யென்னுக்கு அப்படிச் சில்லறை கிடையாது. 1,500 என்றால் 1,500 யென்தான். ஆப் எல்லாவற்றையும் நூறால் வகுத்தது. என் ஜப்பான் வாடிக்கையாளர்கள் மாதம் 15 யென் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாடிக்கையாளர்களின் பட்டியலைக் கூட இணைத்து ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில்: எம்.ஆர்.ஆர்.ஐ ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கிடுவார்கள், இது எங்கள் முறை. இதில் அரை உண்மை இருக்கிறது என்பதுதான் எரிச்சல். கணக்கியல் விதிகளில் எம்.ஆர்.ஆர். என்று ஒன்று கிடையாது, வரையறையும் கிடையாது. அதற்காக மூன்றை ஒன்று என்று படிப்பதெல்லாம் ஒரு முறையா? பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 30 நாள் தாண்டிவிட்டது என்றார்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையம் பற்றித் தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் நுகர்வோர் என்றே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சுயதொழில் பிழைப்புக்கு என்று வாதாடலாம், ஆனால் 149 டாலருக்காகவா என்றார். விட்டுவிட்டேன்.

சரி, கணக்குதான் தப்பு, ஆப் தன் ஃபைலில் என்ன வைத்திருக்கிறது பார்ப்போம் என்று தோண்டியதில்தான் அடுத்த அதிர்ச்சி. அது தகவலை அட்டவணைகளாகச் சேமிக்கும் ஒரு சாதாரண எஸ்கியூலைட் ஃபைல். இலவசமாகக் கிடைக்கும் டிபி பிரவுசர் என்ற மென்பொருளில் திறந்தால் 'செட்டிங்ஸ்' அட்டவணையில் என் ஸ்ட்ரைப் கணக்கைத் திறக்கும் ரகசியக் குறியீடான சீக்ரெட் கீ பச்சையாக, எந்தப் பூட்டும் இல்லாமல் இருக்கிறது. அந்த ஃபைல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில். என் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குத் தானாக நகலாகும். தகவல் நம் கணினியை விட்டு வெளியே போகாது என்றார்களே, அது இதுதான்.

சீக்ரெட் கீ என்றால் சும்மா இல்லை. அது கையில் இருந்தால் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பலாம், மெயில் முகவரிகளை அள்ளலாம். படிக்க மட்டும் அனுமதிக்கும் ரெஸ்ட்ரிக்டட் கீயை ஸ்ட்ரைப்பிலேயே உருவாக்க முடியும். நான் ஆரம்பத்தில் அதைத்தான் கொடுத்தேன். ஆப் ஏற்கவில்லை, சீக்ரெட் கீதான் வேண்டும் என்றது. அங்கேயே எழுந்து போயிருக்க வேண்டும். கூட்டிக் கழிக்க மட்டும் வந்தவனுக்கு எதற்குப் பீரோ சாவி? மே 2024 முதல் ஸ்ட்ரைப் இந்தியாவில் புதுக் கணக்கை அழைப்பின் பேரில்தான் தருகிறது. என் கணக்கில் ஏதாவது நடந்து அதை மூடிவிட்டால் வெளிநாட்டு வியாபாரத்துக்கு நான் எங்கே போவது? அன்றிரவே கீயை மாற்றினேன்.

ஜனவரி 2025இல் கடைசிக் காட்சி. பழைய புள்ளிவிவரம் ஒன்றுக்காக ஆப்பைத் திறந்தேன். பச்சைக் கோடு இல்லை. இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, மாதம் 19 டாலர் என்று ஒரு திரை. லைஃப்டைம் என்பது ஆப்பின் ஆயுளாம், என் ஆயுள் இல்லையாம். லைசென்ஸ் சரிபார்க்கும் சர்வரை நிறுத்திவிட்டதால் என் கணினியில் இருக்கும் ஆப் எனக்கே திறக்கவில்லை.

இன்னும் இப்படி ஒன்றை வாங்கத்தான் வேண்டும் என்றால், காசு கொடுக்கும் முன் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். ஸ்ட்ரைப்பில் நிஜப் பணம் இல்லாமல் சோதித்துப் பார்க்க டெஸ்ட் மோட் இருக்கிறது. 4242 என்று திரும்பத் திரும்ப வரும் சோதனைக் கார்டை வைத்துப் பொய் வாடிக்கையாளர்கள் நாலு பேரை உருவாக்குங்கள்: மூன்று மாதத் திட்டத்தில் ஒருவர், அரைவிலைக் கூப்பனில் ஒருவர், வரியோடு ஒருவர், யென்னில் ஒருவர். ஐந்தாவதாக, 0341 என்று முடியும் சோதனைக் கார்டு. அது சேரும்போது சேர்ந்துவிடும், பணம் எடுக்கும்போது தோற்கும். இந்த ஐந்து பேருக்கும் விடையை முதலில் பேப்பரில் எழுதிவிட்டு டெஸ்ட் கீயை ஆப்பில் போட்டுப் பாருங்கள். சோதிக்க விடாத ஆப் என்றால் வேண்டாம். அப்புறம், அவர்களுடைய சர்வர் இல்லாமலும் ஆப் திறக்கிறதா என்று வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

இப்போது மாதம் ஒன்றாம் தேதி மனைவிதான் இரண்டு பட்டியலையும் இறக்கி எக்ஸெல்லில் போடுகிறாள். முக்கால் மணி நேர வேலை. சிவப்பு நிறத்தில் ஒரு பத்தி இருக்கிறது, பணம் வராமல் நின்றவர்களுக்கு. அன்றைக்கே போன் போகும். பீளமேட்டு அறையைக் காலி செய்து அட்வான்ஸில் ஒரு லட்சத்தைத் திரும்ப வாங்கினோம். புதுப் பையனை அனுப்ப மனசு வரவில்லை; ஆறு மாதம் நான் சம்பளம் எடுக்கவில்லை.

நவம்பர் தள்ளுபடியில் இப்படி ஒன்றை வாங்கிச் சீக்ரெட் கீயைக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே கீயை மாற்றுங்கள், பிறகு ஃபைலை அழித்துவிடுங்கள். ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்னையும் பாருங்கள். என்னுடையது அங்கேதான் கிடந்தது.