கிட்டாருக்கு இடம் கொடுக்காத மெட்டல்: ஃபெயித் நோ மோர் குழுவின் ‘ஏஞ்சல் டஸ்ட்’ சிடி

போன மாதம் 350 ரூபாய் கொடுத்து ஒரு பழைய சிடி வாங்கினேன். டப்பாவின் கீல் உடைந்திருந்தது, தட்டில் கீறல் இல்லை. முகப்பில் நீலப் பின்னணியில் அழகான வெண்கொக்கு. ஏதோ தியான இசை என்று நினைத்துத்தான் என் மனைவி கையில் எடுத்தாள். பின்பக்கம் திருப்பினால் இறைச்சிக்கூடத்துக் குளிர் அறை, தொங்குகிற மாட்டுத்தலை, உரித்த கோழிகள். அப்படியே கீழே வைத்துவிட்டாள். அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன இருக்கிறதோ, அதுதான் இந்த ஆல்பம்.

நான் பாட்டுக்காரன் இல்லை. திண்டுக்கல் பக்கம் கல்யாணம், கோயில் கொடை என்று லைட் மியூசிக் கச்சேரிகளுக்கு மிக்ஸர் முன்னால் உட்காருகிறவன். எனக்குத் தினப்படி தலைவலி ஒன்றுதான்: கீபோர்டுக்காரரும் லீட் கிட்டார் தம்பியும். “அண்ணே, எனக்கு இன்னும் கொஞ்சம் ஏத்துங்க” என்று ரெண்டு பேரும் மாறி மாறிச் சைகை காட்டுவார்கள். ரெண்டு கருவிக்கும் குடியிருப்பு ஒரே இடம், அந்த நடு அலைவரிசை. பாடகரின் குரலும் அங்கேதான் வந்து உட்காரும். ஒன்றை ஏற்றினால் இன்னொன்று மூழ்கும். அந்தக் காதோடுதான் இதைக் கேட்டேன்.

மெட்டல் என்கிற கனத்த ராக் இசையில் கிட்டார்தான் ராஜா. மற்றதெல்லாம் பரிவாரம். எண்பதுகளின் கடைசியில் அமெரிக்காவில் கிளம்பிய ஆல்டர்நேட்டிவ் மெட்டல் கூட்டம் இந்தக் கணக்கைக் குலைத்தது. ஃபங்க், ராப், பங்க், சினிமாப் பின்னணி இசை எல்லாவற்றையும் உள்ளே விட்டது. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஃபெயித் நோ மோர் அதில் மூத்த பிள்ளை. 1989 ஆல்பத்திலிருந்து வந்த ‘எபிக்’ பாட்டு 1990-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் 9-வது இடம் வரை போனது. ராப்பும் கனத்த கிட்டாரும் கலந்த பாட்டு. இன்னொன்று அதே மாதிரி போட்டிருந்தால் பணம் கொட்டியிருக்கும். 1992 ஜூனில் இவர்கள் கொண்டுவந்து கொடுத்ததோ இந்தக் கொக்கை.

முதல் பாட்டு ‘லேண்ட் ஆஃப் சன்ஷைன்’ தொடங்கும்போதே மைக் பேட்டனின் குரல் டிவி விளம்பரக்காரர் மாதிரி இளிக்கிறது. வரிகளில் பாதி, சீன உணவகங்களில் கொடுக்கிற பிஸ்கட்டுக்குள் இருக்கும் ஜோசியச் சீட்டு வாசகங்கள். இரண்டாவது பாட்டில் அதே ஆள் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறார். வேண்டுமென்றே தூக்கம் கெட்டு உட்கார்ந்து எழுதினாராம். கேட்டால் நம்பலாம்.

‘மிட்லைஃப் க்ரைசிஸ்’ பாட்டுக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்கலாம். சைமன் அண்ட் கார்ஃபங்கெலின் ‘செசிலியா’விலிருந்து வெட்டிய தாளத் துண்டு ஒன்று அடியில் ஓடுகிறது. அதன் மேல் மைக் போர்டின் டிரம்ஸ். இவர் இடக்கையர், ஆனால் வலக்கையர் செட்டில் வாசிப்பவர். ஆப்பிரிக்கத் தாளங்களைக் கற்றவர். டிரம்ஸ் செட்டில் இருக்கும் டாம் முரசுகளைத் தவில் மாதிரி பேசவிடுகிறார், நேர் அடி அடித்துவிட்டு சும்மா போவதில்லை. பில்லி கூல்டின் பேஸ் கம்பி அதட்டுகிறது. சரணத்தில் கிட்டாரைத் தேடிப் பாருங்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராடி பாட்டமின் கீபோர்டு வெள்ளம் மாதிரி வந்து மேலே மூடிவிடுகிறது. அமெரிக்காவின் மாடர்ன் ராக் பட்டியலில் இது முதலிடம் பிடித்தது.

மிக்ஸர்காரனாகச் சொல்கிறேன், இது கவனக்குறைவு இல்லை. தயாரிப்பாளர் மேட் வாலஸ் அவர்களோடு ஆரம்பத்திலிருந்து வேலை செய்தவர். கிட்டாரை முன்னால் தள்ளத் தெரியாதவர் இல்லை. குழுவே வேறு பக்கம் நடந்தது. கிட்டார்காரர் ஜிம் மார்ட்டினுக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. அவர் பழைய கனத்த மெட்டல்காரர். 1993 முடிவதற்குள் குழுவிலிருந்து வெளியே போனார். அந்த மனஸ்தாபம் தட்டில் பதிவாகியிருக்கிறது. சில பாட்டுகளில் கிட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கும். (மனிதர் பிற்பாடு ராட்சதப் பூசணிக்காய் வளர்த்துப் போட்டிக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். நிஜமாகத்தான்.)

‘ஆர்வி’ (வீடு மாதிரி வசதி உள்ள வண்டி) பாட்டில் கிராமத்து வால்ட்ஸ், அதாவது மூன்று தட்டு நடன இசை மாதிரி பியானோ. அழுக்குப் பனியனோடு வண்டி வீட்டில் உட்கார்ந்து முணுமுணுக்கிற ஒரு தொப்பைக்காரர் ஆகிவிடுகிறார் பேட்டன். ‘மால்ப்ராக்டிஸ்’ நடுவில் சத்தமெல்லாம் ஒரு கணம் விலகி, க்ரோனோஸ் குவார்ட்டெட் என்ற தந்திக் கருவிக் குழு வாசித்த, ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் இசைத் துண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. ‘கிராக் ஹிட்லர்’ பாட்டில் வருவது ரியோ விமான நிலைய அறிவிப்புப் பெண்மணியின் குரல். கேட்காமல் எடுத்துவிட்டார்கள், அவர் வழக்குப் போட்டார். போடத்தான் வேண்டும். ‘பி அக்ரெசிவ்’ பாட்டில் மைதானத்து சியர்லீடர் பெண்கள் எழுத்தெழுத்தாகக் கூவுகிறார்கள். அதை எழுதிய பாட்டம், தான் தன்பாலீர்ப்பாளர் என்று 1993-ல் வெளிப்படையாகச் சொன்னவர். மீசை முறுக்கும் மெட்டல் உலகத்தில் அந்தப் பாட்டின் விஷயத்தை மேடையேற்ற ரொம்பத் துணிச்சல் வேண்டும். விஷயம் என்னவென்று கேட்காதீர்கள், இது குடும்பத்தோடு படிக்கிற இடம்.

குறை இல்லாமல் இல்லை. ‘கிண்டர்கார்டன்’ எனக்கு நீளம். நடுப்பகுதியில் தொடர்ந்து ஒரே ஆவேசத்தில் ரெண்டு மூன்று பாட்டு வரும்போது காது களைத்துப் போகிறது. பழைய சிடி என்பதால் இன்றைய பதிவுகளை விட ஒலி அளவு குறைவு. இதை நான் குறையாகச் சேர்க்க மாட்டேன். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் இடித்து நசுக்கிச் சத்தமாக்கிவிடுகிறார்கள். இதில் டிரம்ஸ் அடிக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. வால்யூமை நீங்களே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் போய்விட்டால் பாதி ஆல்பம் போச்சு.

முதன்முதலாக மெட்டல் கேட்கப் போகிறவருக்கு இதைக் கொடுக்க மாட்டேன். அவருக்கு அதே 1992-ல் வந்த ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவின் ‘டர்ட்’ ஆல்பம் போதும். அதில் கிட்டார் அதன் ஆசனத்திலேயே இருக்கிறது. கீபோர்டு வாசிப்பவர்கள், சினிமாப் பின்னணி இசையில் காது வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். வாங்கும்போது பின்னட்டையில் ‘ஈஸி’ இருக்கிறதா பாருங்கள். முதல் பதிப்பில் 13 பாட்டுதான். என்னுடையது பிற்பாடு வந்தது, ‘ஈஸி’ 14-வது.

கமடோர்ஸ் குழுவின் பழைய மெல்லிசைப் பாட்டு அது. ஒரு கிண்டலும் இல்லாமல், ஒழுங்காகப் பாடியிருக்கிறார்கள். நடுவில் பேட்டன் ஒரு உறுமல் போட, ஜிம் மார்ட்டினின் கிட்டார் தனியாக எழுந்து வருகிறது. யாரும் குறுக்கே நிற்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எங்கள் லீட் கிட்டார் தம்பிக்கு அனுப்பினேன்.

“அண்ணே, டோன் அருமையா இருக்கே. இப்ப எந்த பேண்டுல வாசிக்கிறாரு?”

பூசணிக்காய்ப் படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பி வைத்தேன்.