எந்தச் சங்கத்தில் சேர்வது? கொங்கு வட்டார ஆசிரியர்களுக்கான ஓர் ஒப்பீடு

தாளவாடியிலோ பொங்கலூரிலோ ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகப் பணியேற்பவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கத்தார் சந்தா ரசீதுடன் வருவது வழக்கம். பழைய ஓய்வூதியம் வேண்டும் என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே கோரிக்கைப் பட்டியலை ஒப்பிடுவதைவிட, ஒவ்வொரு சங்கத்தின் வட்டாரக் கிளையும் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

தமிழ்நாடு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கூட்டணி, தமிழ்நாடு தொடக்கப் பள்ளி ஆசிரியர் மன்றம் போன்ற பொது அமைப்புகளின் வலிமை ஒன்றிய அளவில்தான் இருக்கிறது. பணிப்பதிவேட்டில் விடுபட்ட பதிவு, தகுதிகாண் பருவ ஆணை, 10 ஆண்டு முடிந்ததும் வர வேண்டிய தேர்வுநிலை என்ற ஊதிய உயர்வு ஆகியவை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தேங்கும்போது, அங்கே அமர்ந்து பேசி முடித்துத் தருபவர் வட்டாரச் செயலாளரே. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, ஒன்றிய அளவில் இருந்த பதவி உயர்வு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியது. சொந்த ஒன்றியத்திலேயே தலைமையாசிரியர் ஆகலாம் என்று காத்திருந்தவர், அதே பதவிக்காக வேறு மாவட்டம் செல்ல நேரிடும் நிலை உண்டானது. அதை எதிர்த்து டிட்டோஜாக் என்ற கூட்டு நடவடிக்கைக் குழுவாகத் திரண்டவையும் இந்தத் தொடக்கக் கல்வி அமைப்புகள்தாம்.

இடைநிலைப் பதிவு மூப்பு ஆசிரியர் இயக்கம் வேறு வகை. 31.5.2009 வரை பணியேற்றவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என்றும் வகுக்கப்பட்ட அநீதியை அது விடாப்பிடியாகப் பேசி வருகிறது. ஒரே வகுப்பறைக்கு இரு வேறு ஊதியம் கூடாது என்ற அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. பொதுச் சங்கங்கள் அதைப் பல கோரிக்கைகளுள் ஒன்றாக வைத்ததனால்தான் தனி இயக்கம் தேவைப்பட்டது என்பது என் கருத்து. ஆயினும் அன்றாட அலுவலகப் பணிகளுக்கு ஒற்றைக் கோரிக்கை இயக்கம் போதாது. எனவே முதலில் பொதுச் சங்கத்திலும், இயன்றால் இதிலும் சேர்வதையே பரிந்துரைப்பேன்.

ஆண்டுச் சந்தாவா, வாழ்நாள் உறுப்பினர் கட்டணமா என்ற தெரிவும் சில சங்கங்களில் உண்டு. இளம் ஆசிரியருக்கு ஆண்டுச் சந்தாவே ஏற்றது. பட்டதாரி ஆசிரியராகி, அலகு விட்டு அலகு மாறுதலில், அதாவது தொடக்கக் கல்வித் துறையிலிருந்து பள்ளிக் கல்வித் துறைக்கு மாறி, உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டால், அவருடைய சிக்கல்களைப் பேசுவது பட்டதாரி ஆசிரியர் கழகமாக இருக்கும். முன்பு கட்டிய வாழ்நாள் தொகை அங்கே கணக்கில் வராது. குடும்பநல நிதி வைத்திருக்கும் சங்கமானால், உறுப்பினர் இறந்தால் எத்தனை நாளில் பணம் கிடைக்கும், ஆண்டுக் கணக்கு பொதுக்குழுவில் வைக்கப்படுகிறதா என்று கேட்டறிந்த பின்னரே கட்ட வேண்டும்.

சேர்ந்தாலே வேலைக்கு ஆபத்து என்று வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நடத்திய 2003 வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19(1)(இ) பிரிவில் உள்ள அடிப்படை உரிமை. உறுப்பினராவது வேறு, வேலைநிறுத்தத்தில் இறங்குவது வேறு. பின்னதை ஒவ்வொரு முறையும் தனியே எடைபோட்டு முடிவு செய்யலாம்.

நாமக்கல், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துத் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு மேற்சொன்ன அரசுப் பள்ளிச் சங்கங்கள் எதுவும் பொருந்தாது என்பது வருத்தத்திற்குரியது. ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின்படி தொழிலாளி அல்லர் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தொழிலாளர் நீதிமன்ற வழி அவர்களுக்கு அடைபட்டது. பணிக்கொடை மட்டும் 2009 சட்டத் திருத்தத்தால், 3.4.1997 முதல் செல்லுமாறு கிடைத்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்பது கணக்கு. ஆகவே அவர்கள் தேட வேண்டியது கூட்டம் சேர்க்கும் சங்கத்தை அன்று, இத்தகைய உரிமைகளுக்கு வழக்கறிஞர் துணையுடன் மனு எழுதித் தரும் சங்கத்தை. எதில் சேர்ந்தாலும் பணி நியமன ஆணையின் நகலையும் ஊதியம் வரவான வங்கிக் கணக்கு விவரத்தையும் முதல் மாதத்திலிருந்தே பத்திரப்படுத்திக்கொள்வது அவசியம்.