செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜெக்டர் அடிக்கவில்லை: காதா, எல்இடியா, மீட்டரா, ஸ்கேனரா?

கானாடுகாத்தானில் பெரியப்பச்சி வீட்டுப் பின்கட்டில் 2003 மாடல் சின்னக் கார் ஒன்று நிற்கிறது. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் கார் இருப்பதே மறந்துபோகும். கல்யாணம், படைப்பு என்று யாராவது ஊருக்கு வந்தால்தான் சாவியைத் தேடுவார்கள். இந்தத் தடவை நான் போனபோது செல்ஃப் நன்றாகச் சுற்றியது. பம்ப் சத்தம் கேட்டது. ஸ்பார்க்கும் வந்தது. ஆனால் பிளக் முனை நாலும் காய்ந்து கிடந்தன. உள்ளே பெட்ரோல் போகவில்லை.

காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக், "ரொம்ப நாள் நின்ன வண்டிண்ணே, நாலு இன்ஜெக்டரும் அடைச்சிருக்கும். கழட்டி கிளீனிங் கொடுத்திரலாம்" என்றார். பெரியப்பச்சிக்குத் தெரிந்த இன்னொருவர், "ஸ்கேனர் போட்டாத்தான் தெரியும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். நாலும் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கழற்றுவதற்கு முன்னால், திறக்கச் சொல்லும் கரண்ட் இன்ஜெக்டருக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் சின்ன சோலனாய்டு வால்வு, கரண்ட் போனால் திறக்கும், அவ்வளவுதான். அதில் செருகும் வயர் கப்ளரில் இரண்டு பின். சாவி போட்டதும் ஒன்றில் 12 வோல்ட் வரும். மற்றதை ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், எர்த்தோடு தொட்டுத் தொட்டு விடும். தொடும்போதெல்லாம் வால்வு திறக்கும். எந்தச் சோதனையும் இந்த இரண்டு பக்கத்தில் எதைக் காட்டுகிறது என்பதுதான் கேள்வி.

நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டர் மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது பழைய வழி. ஓடுகிற வண்டியில் ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங் என்றால் இதை மிஞ்ச ஆளில்லை. 'டிக் டிக்' வராத இன்ஜெக்டர் உடனே பிடிபடும். ஸ்டார்ட்டே ஆகாத வண்டியில் செல்ஃப் போடும் கூச்சலில் ஒன்றும் கேட்காது.

மல்டிமீட்டர் பாதிக் கதை சொல்லும். கப்ளரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்டரின் இரு பின்களுக்கு நடுவே ஓம் பார்த்தால், பெரும்பாலான பழைய கார்களில் 12 முதல் 16 வரை காட்டும். சில ரகங்களில் 2, 3 ஓம்தான். நாலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் காயில் சரி. ஆனால் ஈசிஎம் தட்டுகிறதா என்று மீட்டரால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. ஐட்லிங்கில் இன்ஜெக்டர் ஒரு தடவை திறந்திருப்பதே 2, 3 மில்லி செகண்ட். மீட்டரில் எண் சும்மா ஆடும்.

அந்த இடத்தில்தான் நாய்ட் லைட் என்ற சின்னச் சோதனை விளக்கு ஜெயிக்கிறது. கப்ளரில் செருகிச் செல்ஃப் அடித்தால் மினுக்கும். கடையில் வாங்கினால் கப்ளருக்கு ஏற்ற ரகம் வேண்டும். நான் ஒரு சிவப்பு எல்இடியோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் பற்றவைத்து வைத்திருக்கிறேன், பத்து ரூபாய்கூட ஆகாது. அதற்குப் பதில் இண்டிகேட்டர் பல்பைச் சொருகிப் பார்க்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வேண்டாம். 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் இழுக்கும், எரியத் தொடங்கும் நொடியில் அதற்கும் மேல். 12 ஓம் இன்ஜெக்டர் கேட்பதோ 1 ஆம்பியர். ஈசிஎம்முக்குள் இன்ஜெக்டரைத் தட்டிவிடும் டிரைவர் சர்க்யூட் செத்தால் செலவு வேறு கணக்கு.

எல்இடியை இரண்டு பின்னுக்கும் நடுவே வைத்துச் செல்ஃப் அடித்தோம். நாலு கப்ளரிலும் இருட்டு. இதோடு நிறுத்தி "ஈசிஎம் போச்சு" என்று சொல்லிவிடுபவர்கள் அதிகம். 12 வோல்ட் வராவிட்டாலும் இருட்டுத்தான், எர்த் வராவிட்டாலும் இருட்டுத்தான். அப்புறம் எல்இடியின் நீளக் காலை நேராக பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்து, மறுகாலை ஈசிஎம் பக்கப் பின்னில் வைத்தோம். செல்ஃப் அடித்ததும் ஜோராக மினுக்கியது. ஈசிஎம் தன் வேலையைச் செய்கிறது. மீட்டரில் மற்ற பின்னைப் பார்த்தால், சாவி போட்டும் 0.

ஸ்கேனரை இகழவில்லை. ஆனால் கோளாறைக் காரே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி ஏற்பாடு இந்தியாவில் கட்டாயமானது 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 (புகை விதி) கார்களோடுதான், அதன் இரண்டாம் கட்டம் 2013-இல். அதற்கு முந்திய காரில் மலிவான புளூடூத் கருவி பெரும்பாலும் பேசவே பேசாது. அந்த மாடலுக்கான கருவி கிடைத்தால் ஒரு நல்ல பயன் உண்டு: செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால், இன்ஜின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பிடிக்கலாம். எங்களுக்கோ ஸ்பார்க் வந்ததே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. ஆசிலோஸ்கோப் எல்லாவற்றையும் படமாகவே காட்டும், ஆனால் கானாடுகாத்தானில் யாரிடம் இருக்கிறது?

ஃபியூஸ் சரி, ரிலே சரி. மேனிஃபோல்டுக்கு அடியில் போகும் வயர்க் கட்டைப் பிரித்தால் எலி கடித்த தடம். நாலு இன்ஜெக்டருக்கும் பொதுவாக 12 வோல்ட் கொண்டுபோகும் ஒற்றை வயர் தாமிரம் தெரிய அறுந்திருந்தது. பற்றவைத்து ஸ்லீவ் போட்டதும் மூன்றாவது செல்ஃபில் பிடித்துக்கொண்டது.

மெக்கானிக் அந்த எல்இடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெசிஸ்டர் எவ்வளவுண்ணே போட்டீங்க?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.