போட் எஞ்சின் பெனலைக் கழற்றவிடும் முன் இதை வாசியுங்கள்

வாழைச்சேனை, ஒலுவில் பக்கம் எஞ்சின் வயரிங் வேலைக்கு ஆள் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன். வோல்ட் பார்க்கும் மீற்றரைக் கையில் எடுக்காமலே "ஸ்டார்ட்டர் போய்விட்டது" என்று சொல்பவரிடம் போட்டைக் கொடுக்காதீர்கள்.

வாடைக் காலம் முழுக்கக் கட்டிக் கிடந்த எங்கள் போட்டில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் "டிக்" என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பற்றரியில் 12.6 வோல்ட், அதாவது முழுச் சார்ஜ். துறைமுகத்தடியில் வேலை செய்யும் வயரிங் பாஸ் ஒருவர் வந்தார். பட்டனை அழுத்திச் சத்தத்தைக் கேட்டார், சோதனை அவ்வளவுதான். ஸ்டார்ட்டரும் முடிந்தது, சாவியும் பட்டனும் உள்ள பெனலும் உப்பில் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார். கொழும்பிலிருந்து பாவித்த சாமான்களை எடுத்துப் பூட்டி, கூலியோடு 140,000 ரூபா வாங்கினார்.

அன்று எஞ்சின் பிடித்தது. ஐஸ் ஏற்றிக் கடலுக்கு வெளிக்கிடும் நேரம் மறுபடி அதே "டிக்". ஃபோன் எடுத்தால் அவரிடமிருந்து பதில் இல்லை.

பிறகு ஓட்டமாவடியிலிருந்து நானா ஒருவர் வந்தார். "தம்பி, பட்டனை அமத்திப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கி, ஸ்டார்ட்டர் சோலனாய்டின் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்ச்) சின்ன முனையில் மீற்றரை வைத்தார். 7 வோல்ட். பற்றரியில் 12க்கு மேல் இருக்க இங்கே 7 என்றால், மிச்சம் வழியில் எங்கேயோ போகிறது. பெனலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள பல முனைப் பிளக்கைத் திறந்தார். எஞ்சின் பக்கத்துப் பாதியில் பச்சைக் களிம்பு, ஒரு முனை சூட்டில் கறுத்தே போயிருந்தது. பெனல் மாற்றியபோது பிளக்கைக் கழற்றிப் பூட்டியதில் முனைகள் உரசி, கொஞ்ச நேரம் தொடுகை கிடைத்திருக்கிறது. அன்று எஞ்சின் பிடித்ததன் காரணம் இதுதான். மாற்றிப் போட்ட சாமான்கள் காரணம் இல்லை. நானா பிளக்கை வெட்டி எறிந்து, ஈயம் பூசிய செம்பு வயரால் இணைத்து, சோலனாய்டுக்குப் பக்கத்தில் ஒரு றிலேயும் (சின்ன மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்தார். இப்போது தொட்டவுடன் பிடிக்கிறது.

இதைவிட எனக்குப் பொறுக்காத விஷயம் வேறு. முதல் ஆள் ஒயில் பிரஷர் பஸரின் வயரை வெட்டி டேப் சுற்றி வைத்திருந்தார். சாவி போட்டதும் ஒயில் லைட் எரிந்து பஸர் கத்துவதும், எஞ்சின் பிடித்ததும் இரண்டும் நிற்பதும்தான் சரியான நிலை. அந்தச் சத்தத்தைப் பழுது என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஆழ்கடலில் ஒயில் பிரஷர் இறங்கினால் எங்களுக்கு எப்படித் தெரியும்? கிராங்க் பேரிங் இறுகி, எஞ்சின் இல்லாமல் மிதக்கும் போட்டில் இருப்பவர்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரையும் பாவித்திருந்தார். எஞ்சின் அதிர்வில் அது முறிந்துவிடும்.

வேலை முடிந்ததும் சாவியைப் போட்டு லைட்டையும் பஸரையும் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரி மைனசுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கவனிக்க வேண்டும். கழற்றிய சாமானைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பழைய ஸ்டார்ட்டரைக் கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்கிறார். ஒரு பழுதும் இல்லாத ஸ்டார்ட்டர் அது.